மனச்சோர்வுச் சிகிச்சை ஆய்வில் சேர விரும்புவோருக்கு: விசாரிப்பது முதல் விலகுவது வரை

மனச்சோர்வுக்கென வைத்தியர் இன்று எழுதித் தரும் குளிசைகள், முன்பின் தெரியாத பல்லாயிரம் பேர் ஆய்வுகளில் பங்கேற்றதன் பயனாகவே நம் கைக்கு வந்திருக்கின்றன. 2018 இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஒரு பெருந்தொகுப்பு, 522 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 116,477 பேரின் தரவுகளையும் ஒன்றுசேர்த்து 21 மருந்துகளை ஒப்பிட்டது. வளர்ந்தோரில் அவை அனைத்தும், பார்வைக்கு மருந்தைப் போலவே இருந்தும் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையை விடக் கூடுதலாகப் பயன்பட்டன என்பதும், அந்தக் கூடுதல் பயன் பெரும்பாலும் மிதமான அளவிலேயே இருந்தது என்பதும் அதில் தெரியவந்தன. இன்னும் நல்ல சிகிச்சை தேவைப்படுவதால்தான் ஆய்வுகள் தொடர்கின்றன.

உளவளத்துணைப் பணியில் இருக்கும் என்னிடம், களுவாஞ்சிக்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் வருவோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ஆய்வில் சேர்ந்தால் எனக்கு நல்ல மருந்து கிடைக்குமா?” கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிளினிக்கில் வைத்தியர் உங்களைப் பார்த்து உங்களுக்கென மருந்தைத் தெரிவுசெய்கிறார். ஆய்விலோ, ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக முன்கூட்டியே வகுக்கப்பட்ட திட்டம் எல்லோருக்கும் ஒரேவிதமாகப் பின்பற்றப்படுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு கீழ்வரும் படிகளை வாசியுங்கள்.

படி 1: முதலில் கிளினிக், பிறகு ஆய்வு

இதுவரை வைத்தியரைக் காணாதவர்கள் ஆய்வைத் தேடுவதற்கு முன், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கிலோ நோய் நிர்ணயம் செய்துகொள்ள வேண்டும். தைரொயிட் சுரப்பிக் குறைபாடும் இரத்தச்சோகையும் மனச்சோர்வைப் போன்ற களைப்பையும் ஈடுபாடின்மையையும் தரக்கூடியவை என்பதால், அவற்றையும் பரிசோதித்துப் பார்ப்பது அவசியம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுகிறதென்றால் ஆய்வு பற்றிய யோசனையை ஒருபுறம் வைத்துவிட்டு, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை உடனே அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

படி 2: ஆய்வைத் தேடுதல்

இலங்கையில் நடைபெறும் ஆய்வுகளைத் தேட, இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் தொடங்கிய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முதன்மைப் பதிவேடுகளில் அதுவும் ஒன்று. இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், தேவையானால் கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் மூன்று விடயங்களைக் கவனித்தால் போதும்: பங்கேற்பாளர்களை இப்போது சேர்க்கிறார்களா, எந்த ஊரில் சேர்க்கிறார்கள், யாரைச் சேர்ப்பதில்லை. மனச்சோர்வு ஆய்வுகள் எந்நேரமும் கிழக்கில் நடந்துகொண்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே உங்கள் மனநல வைத்தியரிடமும், “பொருத்தமான ஆய்வு வந்தால் எனக்கும் சொல்லுங்கள்” என்று கேட்டு வைப்பது நல்லது.

ஆய்வு என்றால் புதிய மருந்து மட்டுமே என்று எண்ண வேண்டாம். பயிற்சி பெற்ற சாதாரண பணியாளர்கள் சில வாரங்கள் பேசிப் பழகி அளிக்கும் உளவியல் உதவிகளும் இதே முறையில்தான் சோதிக்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய, ஐந்து அமர்வுகள் கொண்ட அத்தகைய ஒரு திட்டம் பாகிஸ்தானிலும் கென்யாவிலும் சோதிக்கப்பட்டது. சுனாமியையும் போரையும் கடந்து வந்த, மனநல வைத்தியர்கள் போதாத நம் கரையோரத்துக்கு இத்தகைய ஆய்வுகளே கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

படி 3: அனுமதியைச் சரிபார்த்தல்

மனிதர்களிடம் நடத்தப்படும் எந்த ஆய்வையும் முதலில் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு ஒன்று ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்திலும் அத்தகைய குழு உண்டு. மருந்து ஆய்வானால், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறைப்படுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் தேவை. அனுமதி இலக்கத்தையும் பதிவேட்டு இலக்கத்தையும் கேளுங்கள். முறையான ஆய்வாளர் தயங்காமல் காட்டுவார். சேர்வதற்குப் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

படி 4: தகவல் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஆய்வு எப்படி நடக்கும் என்பதை விளக்கித் தரப்படும் தகவல் தாள் உங்களுக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த தாளாக இருந்தால், அதைப் பேச்சுத்தமிழில் விளக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. அன்றைக்கே கையொப்பமிடச் சொன்னால் மறுத்துவிட்டு, தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், நம்பிக்கையான ஒருவருடன் சேர்ந்து மீண்டும் வாசியுங்கள்.

பல ஆய்வுகளில் ஒரு குழுவுக்குச் சோதனை மருந்தும் மற்றக் குழுவுக்கு வெற்றுக் குளிசையோ வழமையான மருந்தோ கொடுக்கப்படும். யார் எந்தக் குழு என்பதை, சீட்டுக் குலுக்கி எடுப்பதைப் போலக் கணினி தீர்மானிக்கும். வைத்தியருக்குத் தெரிந்தவர் என்பதற்காக எவருக்கும் விரும்பிய குழு கிடைக்காது. இரட்டை மறைப்பு முறை என்றால், எந்தக் குளிசை கொடுக்கப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. வெற்றுக் குளிசை ஏன் என்று பலர் கோபப்படுகிறார்கள். மனச்சோர்வு ஆய்வுகளில் வெற்றுக் குளிசை பெறுவோரிலும் மூன்றில் ஒருவருக்கு மேற்பட்டோர் கணிசமாகத் தேறுகிறார்கள். நோய் தானாகத் தணிவதும், ஒழுங்காகச் சந்தித்து விசாரிப்பவர் ஒருவர் கிடைப்பதும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் அதற்குக் காரணங்கள். அந்தத் தேறுதலுக்கு மேலாக மருந்து என்ன செய்கிறது என்பதை அறிய, ஒப்பிட ஒரு குழு இருந்தாக வேண்டும். ஆயினும் உங்கள் நோய் கடுமையாக இருந்தால், வெற்றுக் குளிசைக் குழு உள்ள ஆய்வு உங்களுக்கு ஏற்றதா என்பதை வைத்தியருடன் கட்டாயம் பேசுங்கள்.

பிறகு நம் ஊர் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்து, இவற்றையும் கேளுங்கள். நோன்பு காலத்தில் குளிசையை ஸஹர் நேரத்தில் எடுக்கலாமா? இரவில் கடலுக்குப் போகிறவருக்கு மருந்து தூக்கத்தைத் தருமா? பெரும்போக வேலையின் நடுவிலோ மார்கழி வெள்ளத்தில் பாதை அடைபட்டாலோ சந்திப்பு நாளை மாற்றித் தருவார்களா? பஸ் செலவையும் இழந்த நாட்கூலியையும் யார் ஈடுசெய்வார்? ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் நட்டஈடும் யார் பொறுப்பு? ஒருவரையொருவர் அறிந்த ஊரில் என் பெயர் எப்படி மறைக்கப்படும், வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து என்ன சொல்வார்கள்? எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 5: தகுதி பார்த்தல்

இந்தச் சந்திப்பில் வினாக்கொத்து நிரப்புவார்கள். பரவலாகப் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்டு, மொத்தம் 0 முதல் 27 வரை புள்ளி தரும். சேர்ந்துவிட வேண்டும் என்று கூட்டியோ, வெட்கத்தால் குறைத்தோ சொல்லாதீர்கள். ஒன்பதாவது கேள்வி மரண எண்ணத்தைப் பற்றியது. அதற்கு உண்மையாகப் பதிலளித்தால்தான் உங்களைப் பாதுகாக்க முடியும். சித்த, ஆயுர்வேத, யூனானி மருந்துகள், மதுப்பழக்கம், கர்ப்பம், சுனாமி அல்லது போரினால் ஏற்பட்ட மனவடு என எதையும் மறைக்க வேண்டாம். இப்போது எடுக்கும் குளிசையை ஆய்வில் சேர்வதற்காக நீங்களாக நிறுத்தவும் கூடாது; திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம். தகுதியில்லை என்று சொல்லப்பட்டால் அது ஆய்வின் வரையறையைப் பற்றியதே தவிர, உங்கள் நோயைச் சிறிதாக்குவதாகாது.

படி 6: சம்மதப் பத்திரம்

கையொப்பம் உங்களுடையதாக இருக்க வேண்டும். நமது குடும்பங்களில் கணவரோ மூத்த அண்ணனோ முடிவெடுப்பது வழக்கமாக இருந்தாலும், முடிவெடுக்கும் நிலையிலுள்ள வளர்ந்தவருக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது. வாசிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டி, கைவிரல் அடையாளம் பெறுவார்கள். ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பியுடன் சேர்த்து வையுங்கள்.

படி 7: ஆய்வு நடக்கும் காலம்

மனச்சோர்வு மருந்து ஆய்வுகள் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் நீடிக்கும், ஏனெனில் இம்மருந்துகளின் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்களாவது செல்லும். பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். குமட்டல், தூக்கக் குழப்பம், பாலுறவு நாட்டக் குறைவு என எதுவானாலும் திகதியுடன் குறித்துவைத்துச் சொல்லுங்கள். இருபத்தைந்து வயதுக்குட்பட்டோருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், வீட்டார் ஒருவர் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். தவறவிட்ட குளிசைகளையும் மறைக்காதீர்கள். மிஞ்சியவற்றை எண்ணிப் பார்ப்பதற்காகத்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.

படி 8: விலகுதலும் பின்தொடர்தலும்

எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஒழுக்கநெறிகளைக் கூறும், 1964 இல் முதன்முதலாக ஏற்கப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம் இவ்வுரிமையை வலியுறுத்துகிறது. விலகியதற்காக உங்கள் வழமையான கிளினிக் சிகிச்சை குறையக் கூடாது. விலகும்போது குளிசையை எவ்வாறு படிப்படியாகக் குறைப்பது என்பதை ஆய்வு வைத்தியரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இறுதிவரை இருந்தவர்கள், தமக்குக் கிடைத்தது எந்தக் குளிசை என்பதையும், அது பயன்பட்டிருந்தால் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும், முடிவுகள் தமிழில் எப்போது தரப்படும் என்பதையும் கடைசிச் சந்திப்பிலேயே கேட்டு, அடுத்த கிளினிக் திகதியைக் கொப்பியில் குறித்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.