கெட்டது லென்ஸா, ஆடியது கையா?

காசிமேட்டு மீன் ஏலத்தை விடியற்காலையில் படம் எடுக்கப் போயிருந்தேன். கையில் செகண்ட் ஹாண்டில் வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் சங்கரா மீனின் கண் மங்கல், அதற்குப் பின்னால் கிடந்த ஐஸ் கட்டி பளிச். விற்றவர் தலையில் கட்டிவிட்டார் என்று கொதித்தேன். நீங்கள் கொதிப்பதற்கு முன் இதையெல்லாம் செய்து பாருங்கள்.

முதலில் லென்ஸைக் கையில் எடுங்கள். பக்கவாட்டு பட்டன் மேனுவலில் (கையால் ஃபோகஸ் செய்யும் நிலையில்) இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பாதிப் புகார் இங்கேயே தீரும். மலிவான ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். பின்பக்கத்தில் கேமராவைத் தொடும் சின்ன உலோகத் தகடுகளை மென்மையான உலர்ந்த துணியால் துடையுங்கள். செல்போன் டார்ச்சை உள்ளே அடியுங்கள். நாலு தூசி ஒன்றும் செய்யாது. சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் அது ஃபங்கஸ். நம்ம கடலோர ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் வரும். ஆனால் ஃபங்கஸ் படத்தை வெளிறச் செய்யுமே தவிர, கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸைக் காதுக்குத் தள்ளாது. இன்னொன்று, ஏசி அறையிலிருந்து நேராகத் துறைமுகத்துக்குப் போனால் கண்ணாடியில் பனி படரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள்.

அடுத்து, மங்கலான படத்தையே உற்றுப் பாருங்கள். தூரத்து பல்பு ஒரு கோடாக இழுத்திருந்தால் ஆடியது கை. வட்டமாக உப்பியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. நின்றவர் தெளிவு, கூடை தூக்கி நடந்தவர் மட்டும் மங்கல் என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை, 1/500-க்கு ஏற்றுங்கள்.

இனி நிஜமான சோதனை. மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டியை நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் 30 செ.மீ. ஸ்கேலைச் சாய்வாக வையுங்கள். அதன் 15 செ.மீ. கோடு பெட்டியின் முகப்போடு ஒரே தூரத்தில் இருக்கட்டும். ட்ரைபாடில் கேமரா, ஒன்றேகால் மீட்டர் தள்ளி. அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துவாரம்) முழுதும் திறந்து, ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்று மட்டும், 2 விநாடி டைமர். லென்ஸில் ஸ்டெபிலைசர் (கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். படம் பதியும் சென்சார் சிறிய ஏ.பி.எஸ்-சி அளவில் இருந்தால், இந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 செ.மீ. தான், அதனால் பிழை ஒளிய முடியாது.

வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) வழியாகப் பெட்டியில் ஃபோகஸ் செய்து ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிடுங்கள். அப்புறம் லைவ் வ்யூவில் (பின்திரையைப் பார்த்தபடி) ஐந்து. கடைசியாகத் திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து ஒன்று.

வ்யூஃபைண்டரில் ஐந்தும் ஒரே பக்கம் தவறி, லைவ் வ்யூவில் சரியாக விழுந்தால் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் (உள்ளே மடியும் கண்ணாடி உள்ள கேமரா) வ்யூஃபைண்டர் ஃபோகஸுக்குத் தனி சென்சார் உண்டு. லைவ் வ்யூ படம் விழும் சென்சாரையே பார்க்கிறது. பாடிக்கும் (லென்ஸ் நீங்கலான கேமரா) லென்ஸுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். மிரர்லெஸ்ஸில் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஐந்தும் ஐந்து விதமாக வந்தால் லென்ஸின் ஃபோகஸ் மோட்டார்மேல் சந்தேகப்படலாம். கையால் செய்தும் எதுவுமே தெளியாவிட்டாலோ, எங்கே எடுத்தாலும் ஒரே ஓரம் மட்டும் மங்கினாலோ லென்ஸுக்குள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கும். கீழே விழுந்த லென்ஸில் இது சகஜம். சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

மொட்டைமாடியிலிருந்து துறைமுக கிரேன்களையும் ஒருமுறை குறிவைத்துப் பாருங்கள், தூரத்து ஃபோகஸ் எட்டுகிறதா என்று. காலையிலேயே பாருங்கள்; உச்சி வெயிலில் கானல் அலைந்து நல்ல லென்ஸையும் திருடனாக்கிவிடும். முடிந்தால் நண்பரின் பாடியிலும் மாட்டிப் பாருங்கள்.

என்னுடையது வ்யூஃபைண்டரில் மட்டும் பின்னால் போனது. பாடி மெனுவில் ஃபைன் ட்யூன் என்று ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தது (விலை குறைந்த பாடிகள் பலவற்றில் இருக்காது). மைனஸ் பக்கம் ஆறு புள்ளி நகர்த்தினேன். அடுத்த ஞாயிறு அதே ஏலம், சங்கராவின் கண்ணில் ஏலக்காரரின் டியூப்லைட் வரை தெரிந்தது. விற்றவருக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த நீளமான வாட்ஸ்அப் மெசேஜை அங்கேயே அழித்தேன்.