பூட்டிய வார்டில் பொறுப்பேற்கும் செவிலியருக்கு

தடயவியல் மனநல வார்டில், அதாவது குற்ற வழக்கில் சிக்கிய மனநோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் வார்டில், பொறுப்பு ஏற்றால் முதலில் சாவிகளை எண்ணுங்கள். ஷிப்ட் மாறும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து நின்று எண்ண வேண்டும். “எல்லாம் சரியா இருக்கு” என்ற வாய்வார்த்தையை நான் ஏற்பதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்பூன், சவரத்துக்குப் பிறகு ரேசர், அதே கணக்கு.

ஆனால் பூட்டைவிடப் பெரிய காவல், ஆளை அறிந்திருப்பதுதான். ஒருவர் தினமும் போர்வையை நான்காக மடித்துத் தலைமாட்டில் வைப்பார். ஒருநாள் அது சுருட்டிக் கிடந்தது. அருகில் போய் உட்கார்ந்தேன். கோர்ட் வாய்தா மறுபடி தள்ளிப்போன செய்தி அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பத்து நிமிடம் பேசினோம், அன்று அமைதிப்படுத்தும் ஊசி தேவைப்படவில்லை.

இந்தக் கவனிப்புக்கு, தாக்குதல் ஆபத்தை முன்கூட்டியே கணிக்க உதவும் ப்ரோசெட் (Brøset) பட்டியல் நல்ல துணை. குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மிரட்டல், கை ஓங்குதல், பொருட்களைத் தாக்குதல் என 6 அறிகுறிகள்; ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 1. எப்போதும் குழம்பியிருப்பவருக்கு, வழக்கத்தைவிடக் கூடினால் மட்டுமே 1. மொத்தம் 3 தொட்டால் அடுத்த 24 மணி நேரத்தில் தாக்குதல் ஆபத்து அதிகம். உடனே டாக்டரிடம் சொல்லி, ஆட்களைக் கூட்டுங்கள்.

ஒருவரைத் தனியறையில் அடைப்பது கடைசி வழி. அடைத்த நேரம், காரணம், இடையில் போய்ப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அப்போதே எழுதப்பட வேண்டும். வெளியே வந்த பிறகு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்காது.

அப்புறம், யாரையும் “அந்தக் கொலை கேஸ்” என்று கூப்பிட விடாதீர்கள். பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.