பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் குதிரையேற்றம்: தரையில் தொடங்கி சேணம் வரை

"எப்போது ஏறலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: எப்போது கயிற்றைப் பிடிக்கலாம், எப்போது வாளியைத் தூக்கலாம்? சாதுவான குதிரையின் மேல் நடைவேகத்தில் உட்கார்ந்து போவது ஓரளவு சீரான அசைவுதான். கொட்டிலில் நிலைமை வேறு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை ஈயை விரட்டத் தலையை ஒரு வெட்டு வெட்டினால், கயிறு பிடித்த கை வழியாக அந்த இழுப்பு தையல் வரைக்கும் போய்ச் சேரும். அதனால் இந்தச் செய்முறையில் சேணம் கடைசியாகத்தான் வருகிறது.

படி 1: மருத்துவரிடம் கேட்க வேண்டியதைப் பிரித்துக் கேளுங்கள்

"குதிரை ஓட்டலாமா, டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால், "கொஞ்ச நாள் போகட்டும்" என்ற பதிலோடு வெளியே வர வேண்டியிருக்கும். குதிரையே ஏறியிராத மருத்துவருக்கு அதில் என்னென்ன அசைவு இருக்கிறது என்று தெரியாது. ஒரு தாளில் இப்படி எழுதிக்கொண்டு போங்கள்:

- 10 கிலோவைத் தரையிலிருந்து தூக்கலாமா?
- ஒரு கையில் எதிர்பாராத இழுப்பு வந்தால் தாங்குமா?
- தொடைகளை அகட்டி அரை மணி நேரம் உட்காரலாமா?
- ஒரு காலை இடுப்பு உயரத்துக்கு வீசித் தாண்டலாமா?
- ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். விழ மாட்டேன் என்று எந்தச் சவாரிக்காரரும் உறுதி தர முடியாது.

கால அளவு ஆளுக்கு ஆள் மாறும். இருந்தாலும் பொதுவான கணக்கு இது. வயிற்றைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை என்றால் முதல் 6 வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது, சவாரி 8 முதல் 12 வாரத்துக்குப் பிறகு. நெஞ்செலும்பைப் பிளந்து செய்த இதய அறுவை சிகிச்சையில் எலும்பு ஒன்றுசேரவே 8 முதல் 12 வாரம் ஆகும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம். முதுகெலும்பை இணைத்துப் பொருத்தியிருந்தால் 6 மாதம் முதல் ஒரு வருடம். நுண்துளை முறையில் செய்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளியே இரண்டு சிறு தழும்பு மட்டும் தெரியும், உள்ளே வெட்டித் தைத்தது அப்படியே பெரிதாக இருக்கும்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா? அது முடியும்வரை ஏற வேண்டாம். வாழ்நாள் முழுக்கத் தொடரும் மருந்து என்றால், தலையில் அடிபட்டால் என்ன ஆபத்து என்று மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிய பிறகே முடிவெடுங்கள். தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை ஓடும் நாள்களில் குதிரைப் பக்கமே போக வேண்டாம். கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் பாருங்கள். குதிரை லத்தியிலும் லாயத்து மண்ணிலும் அந்தக் கிருமி சாதாரணமாக இருக்கும், ஆறாத காயத்தோடு அங்கே போகக்கூடாது.

படி 2: நீங்கள் படுத்திருக்கும்போது மட்டக்குதிரைக்கு ஏற்பாடு

அறுவை சிகிச்சை முன்கூட்டியே தெரிந்த ஒன்று என்றால் இதைப் போவதற்கு முன்பே செய்துவிடுங்கள். வேலை நின்றுபோன மட்டக்குதிரைக்குப் பழைய அளவிலேயே தீனி போய்க்கொண்டிருந்தால் அது வேகமாகக் கொழுக்கும். கொழுத்த மட்டக்குதிரைக்கு லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி வரும் வாய்ப்பு அதிகம். பெரிய குதிரைகளைவிட மட்டக்குதிரைகளுக்குத்தான் இந்தத் தொல்லை கூடுதல்.

தானியத்தையும் கலப்புத் தீவனத்தையும் குறைத்து, உலர்ந்த புல்லை உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் கொடுத்தால் போதும். 250 கிலோ மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ. பார்த்துக்கொள்பவரிடம் "கொஞ்சம்", "ஒரு கை" என்றெல்லாம் சொல்லாமல், தராசில் நிறுத்த அளவை எழுதிக் கொடுங்கள். பாவம் என்று ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுவதுதான் எப்போதும் நடக்கும். முன்னங்கால்களை முன்னே நீட்டி நிற்கிறதா, கால் மாற்றி மாற்றிப் பாரத்தைப் போடுகிறதா, குளம்பு சூடாக இருக்கிறதா என்று தினம் பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குளம்பு செதுக்கும் வேலையை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை தள்ளிப்போடாமல் நடத்துங்கள். அடைத்தே வைக்காமல் தினமும் வெளியே விட ஆள் இருக்கட்டும்.

படி 3: கொட்டில் வேலை, எடையைப் பார்த்து

மருத்துவர் "5 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள்" என்பார். லாயத்தில் 5 கிலோவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்து லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் 10 கிலோ. ஒரு புல்கட்டு 15 முதல் 25 கிலோ. ஆங்கிலச் சேணம் 5 முதல் 10 கிலோ, வெஸ்டர்ன் சேணம் அதற்கும் மேல். மிஞ்சுவது பிரஷ்ஷும் தலைக்கயிறும்தான்.

அதனால் முதல் வேலை தேய்ப்பது. உங்கள் தோள் மட்டத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எட்டும் இடத்தை மட்டும் தேயுங்கள். கால்களையும் வயிற்றடியையும் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் கட்டத்தில் பலரும் யோசிக்காத ஓர் ஆபத்து உண்டு. 12 கை உயர மட்டக்குதிரை, அதாவது ஏறக்குறைய 122 செ.மீ., தலையைத் தளர்த்தி நின்றால் அதன் நெற்றி சரியாக உங்கள் வயிற்றுக்கு நேரே வரும். தலைக்கட்டைக் கழற்றிய கையோடு அரிப்புக்கு நெற்றியை எதன்மேலாவது போட்டுத் தேய்ப்பது அதன் பழக்கம். செல்லமாகத்தான் தேய்க்கும், ஆனால் தழும்பின் மேல். எனவே நேர் எதிரே நிற்காமல் கழுத்துப் பக்கம் தோளை ஒட்டி நின்று கழற்றுங்கள், கழற்றியதும் ஓரடி பின்வாங்குங்கள். சட்டைப் பையில் தின்பண்டம் வேண்டவே வேண்டாம்.

லத்தி அள்ளும்போது எடையைவிடத் திருகுவதுதான் கெடுதல். பாதத்தை ஊன்றியபடி இடுப்பை மட்டும் திருப்பி வண்டியில் கொட்டும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்தி, காலை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்புங்கள். முள்வாரியில் பாதி அளவு, தள்ளுவண்டியில் மூன்றில் ஒரு பங்கு. தண்ணீருக்குக் குழாய், இல்லாவிட்டால் இரு கையிலும் கால் வாளி. நெஞ்சிலோ நுரையீரலிலோ அறுவை சிகிச்சை ஆனவர்கள் புல்லை உதறும்போதும் கூட்டும்போதும் கொட்டிலை விட்டு வெளியே போய்விட வேண்டும். பூஞ்சை பிடித்த புல்லின் தூசி ஆபத்து. அது போக, அங்கே வரும் ஒரு இருமலே தையலுக்குப் போதும்.

குளம்பு சுத்தம் செய்வது எல்லாவற்றுக்கும் கடைசி. குனிந்த நிலையில், குதிரை தன் பாரத்தை உங்கள் மேல் சாய்க்கும் வேலை அது.

படி 4: கையில் பிடித்து நடத்துவது

வேலி அடைத்த இடம், 3 மீட்டர் கயிறு, கையுறை, தலைக்கவசம். ஆம், தரையில் நடக்கும்போதும் தலைக்கவசம். முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்து, குதிரையின் தோள் அருகே நடங்கள். கையை நீட்டிப் பிடித்தால் முதல் இழுப்பு நேராகத் தோள் மூட்டுக்குப் போகும். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. குதிரை ஓடப் பார்த்தால் கயிற்றை விட்டுவிடுங்கள், வேலி அதற்காகத்தான் இருக்கிறது. 10 நிமிடத்தில் தொடங்கி 30 நிமிடம் வரை வலியில்லாமல் நடக்க முடிகிற வரைக்கும் இந்தப் படியிலேயே இருங்கள்.

படி 5: குதிரை இல்லாமல் ஒத்திகை

கீழே உள்ளவை அத்தனையும் முடிந்தால்தான் ஏறலாம்:

- கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது
- ஒவ்வொரு காலிலும் 20 விநாடி தனியாக நிற்பது
- 40 செ.மீ. படியில் இரண்டு காலாலும் மாறி மாறி ஏறி இறங்குவது
- தரையில் உட்கார்ந்து யார் உதவியும் இல்லாமல் எழுவது (இடுப்பு, முட்டி மாற்றியவர்கள் இதை பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகே)
- வலியில்லாமல் ஓங்கி இருமுவது

பிறகு சேணத்தை ஒரு வலுவான தாங்கியிலோ ஆடாமல் கட்டிய பீப்பாயிலோ போட்டு, சவாரி உடையோடு 10 நிமிடம் உட்காருங்கள். குதிரை மேல் ஏறிய பிறகு தெரிந்தால் சிரமமாகிவிடும் விஷயங்கள் இங்கே தெரியவரும். கால்சட்டையின் இடுப்புப் பட்டை தழும்பை அறுக்கிறதா? முன்னே சாய்ந்தால் சேணத்தின் முன்மேடு அடிவயிற்றில் குத்துகிறதா? பாதுகாப்புக் கவச உடை எங்கே அழுத்துகிறது? விழும்போது தானாகக் காற்று நிரம்பும் பாதுகாப்பு உடை வைத்திருப்பவர்கள், அது விரியும்போது மார்பையும் வயிற்றையும் பலமாக இறுக்கும் என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: குதிரையையும் தயார்ப்படுத்துவது

மூன்று மாதம் சும்மா நின்றது நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் முதல் சவாரிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வேறொருவர் அதை வேலைக்குப் பழக்க வேண்டும். நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டும் லஞ்சிங்கில் தொடங்கி (ஒரு முறைக்கு 10, 15 நிமிடம் போதும்), பிறகு முதுகில் ஏறி ஓட்டலாம். லஞ்சிங்கை நீங்களே செய்ய வேண்டாம், அந்தக் கயிறு இழுக்கும் இழுப்பு சாதாரணமில்லை. முதுகின் வடிவம் மாறியிருக்கும் என்பதால் சேணம் இன்னும் பொருந்துகிறதா என்று பாருங்கள். உங்கள் எடையும் மாறியிருக்கலாம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வேலை விட்டுப்போன குதிரைக்கு 15 சதவீதமே நல்லது.

குட்டையான குதிரைதான் பத்திரம் என்று ஒரு நினைப்பு உண்டு. விழும் உயரம் குறைவு என்பது சரி. ஆனால் மட்டக்குதிரையின் அடி குறுகியது, நடைக்கு அடுத்த வேகமான ட்ராட்டில் குலுக்கல் கூடுதல், பக்கவாட்டில் சட்டென்று துள்ளவும் செய்யும். உடம்பு அகலமான மட்டக்குதிரையாக இருந்தால் இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு உட்காருவதே சிரமம். முதல் சில வாரங்களுக்கு உயரம் எப்படி இருந்தாலும் குறுகிய முதுகும் நிதான குணமும் உள்ள வயதான குதிரையை இரவல் வாங்குவதே எங்கள் யோசனை. சொந்தக் குதிரை கோபித்துக்கொள்ளாது.

படி 7: ஏறுவதும் இறங்குவதும்

தரையிலிருந்து அங்கவடியில் கால் வைத்து எம்பி ஏறுவதை மறந்துவிடுங்கள். 60 முதல் 90 செ.மீ. உயரமுள்ள, ஆடாத ஏறுபடி தேவை. மேல்படியில் நின்றால் சேணம் உங்கள் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஒருவர் குதிரையின் தலையைப் பிடிக்கட்டும், இன்னொருவர் எதிர்ப்பக்க அங்கவடியைக் கீழ்நோக்கி அழுத்தட்டும். இரண்டாமவர் இல்லையென்றால் சேணம் உங்கள் பக்கம் சரியும், அதைச் சமாளிக்க நீங்கள் உடம்பைத் திருகுவீர்கள்.

அங்கவடியில் வைக்கும் கால் முட்டி வரை மடங்கிப் பாரம் தாங்கும். ஆகவே முட்டியில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், அறுவை சிகிச்சை ஆன கால் தாண்டிப்போகும் காலாக இருக்கும்படி ஏற வேண்டும். இடது முட்டி என்றால் வலப்பக்கத்திலிருந்து ஏறுவது என்று அர்த்தம். வலப்பக்கம் ஏறிப் பழகாத குதிரை மிரளும், அதை முன்பே பழக்கியிருக்க வேண்டும். இடுப்பு மூட்டு என்றால் எந்தக் காலை வீசலாம் என்று பிசியோதெரபிஸ்ட்டே சொல்லட்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், பிடரிமயிரைப் பிடித்து மெதுவாக இறங்கி அமருங்கள்.

இறங்கும்போதும் அதே ஏறுபடிதான். களைத்த காலோடு தரையில் குதிப்பதுதான் ஒரு சவாரியிலேயே பலமான அதிர்ச்சி. இரண்டு அங்கவடியிலிருந்தும் காலை எடுத்த பிறகே வீச வேண்டும் என்ற விதி இங்கேயும் மாறாது.

படி 8: சேணத்தின் மேல்

முதல் நாள் 10 நிமிடம், நடை மட்டும், கயிற்றைப் பிடித்து ஒருவர் கூடவே நடக்க. "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று தோன்றும்போதே இறங்கிவிடுங்கள். அடுத்த நாள் காலையில் வலி முந்தைய நாள் காலையைவிடக் கூடியிருந்தால், அடுத்த சவாரி பாதி நேரம்தான். கூடவில்லையென்றால் 5 நிமிடம் சேர்க்கலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நேரம், அல்லது வேகம், அல்லது இடம். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் வலித்தது என்றே தெரியாது.

30 நிமிட நடை சுலபமான பிறகு ட்ராட். எழுந்து எழுந்து உட்காரும் ரைசிங் ட்ராட் மட்டும், முதலில் குதிரையின் 20, 30 காலடிகள், பிறகு நடை. உட்கார்ந்தபடி ட்ராட் போவது வயிற்றுத் தசையையும் முதுகையும் நேராகக் குலுக்கும், அதற்கு இன்னும் பல வாரம் இருக்கிறது. ட்ராட்டுக்கும் அடுத்த வேகமான கேண்டருக்கு ஒரே அளவுகோல்: ட்ராட்டில் போகும்போது குதிரை திடுக்கிட்டுப் பக்கவாட்டில் விலகி, நீங்கள் வலியில்லாமல் நிலைத்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி கெட்டுப்போவது நேராக உட்காருவதுதான். தழும்பைக் காப்பாற்ற உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாயும், உங்களுக்கு நேராக இருப்பது போலவே தோன்றும். குதிரை ஒரு பக்கம் திரும்ப அடம் பிடிக்கும், நாம் அதைப் பிடிவாதம் என்போம். பின்னாலிருந்து ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சேணத்தின் நடுக்கோடு குதிரையின் முதுகெலும்புக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மூச்சைப் பிடித்துக்கொள்வதும் இப்படித்தான், தெரியாமலே நடக்கும். பேசிக்கொண்டே ஓட்டினால் மூச்சு தானாக வரும்.

காயத்தில் கசிவு, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தழும்பருகே புடைப்பு: சவாரி நின்றது, அன்றே மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் இருந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவு. முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடையிடுக்கில் மரத்துப்போவதும் சிறுநீர் கட்டுப்பாடு தவறுவதும் கூட அப்படித்தான், மறுநாள் காலை வரை பொறுக்கக்கூடாது.

விழுந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்று மறுபடி ஏற வேண்டாம். "உடனே ஏறினால்தான் பயம் போகும்" என்று சொல்பவர்களுக்குத் தையல் போட்டிருக்காது. உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் நேரே மருத்துவமனை. அடிபட்ட தலைக்கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லையென்றாலும், மாற்றிவிடுங்கள்.