நானோ ஆராய்ச்சிக்கு வரப்போகிறீர்களா? முதலில் ஒரு கருவியைக் கையில் பிடியுங்கள்

பொருளறிவியலில் நானோ பக்கம் வர ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்தப் பொருளை எடுத்தால் எதிர்காலம் உண்டு, கிராஃபீனா, குவாண்டம் புள்ளிகளா, பெரோவ்ஸ்கைட்டா என்றுதான். என்னைக் கேட்டால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொருள்களில் மோஸ்தர் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பையோ எக்ஸ்ரே கருவியையோ அது எங்கே பொய் சொல்லும் என்பது வரை தெரிந்துவைத்திருப்பவருக்கு எந்தப் பொருள் வந்தாலும் வேலை இருக்கும்.

பட்டம் இயற்பியலா, வேதியியலா, பொறியியலா என்பது பெரிய விஷயமில்லை. வேதியியலிலிருந்து வருபவர் படிகவியலை உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும், இயற்பியலிலிருந்து வருபவருக்குக் குடுவை கழுவுவதிலிருந்து பழக்கம் வேண்டும். கொஞ்சம் பைத்தான் புரோகிராமிங் இருவருக்கும் தேவை. முனைவர் பட்டத்துக்கு கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேப்பர்களை எண்ணிக்கொண்டிருக்காமல், அந்த லேபில் இருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேளுங்கள்: கருவியை நீங்களே ஓட்டுகிறீர்களா, இல்லை சாம்பிளைக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொள்கிறீர்களா? இரண்டாவது பதில் வந்தால் வேறு லேப் பாருங்கள்.

சேர்ந்ததும் முதல் பயிற்சியாகத் தங்க நானோ துகள் செய்யுங்கள். 1951இல் வேதியியலாளர் டர்கெவிச்சும் அவரது குழுவும் விவரித்த முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. குடுவையைத் தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான இராஜ திராவகத்தில் கழுவ வேண்டும் (புகைக் கூண்டுக்குள், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்), தங்க உப்பின் நீர்த்த கரைசலைக் கொதிக்கவிட்டு சோடியம் சிட்ரேட் சேர்க்க வேண்டும். வெளிர் மஞ்சள் மறைந்து, கருநீலமாகி, சில நிமிடங்களில் ஒயின் சிவப்பு வரும். கரைசல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலையில் 520 நானோமீட்டர் பக்கம் ஒரு பீக் தெரிந்தால் சரி. ஊதாவோ நீலமோ ஆகி அப்படியே நின்றுவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, பெரும்பாலும் குடுவைதான் காரணம்.

இனிமேல்தான் உண்மையான பாடம். அதே சாம்பிளை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் 15 நானோமீட்டர் என்று வரும், ஒளிச்சிதறல் கருவி 25 என்று சொல்லக்கூடும், எக்ஸ்ரே பீக்கின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டில் கணக்குப் போட்டால் 15ஐவிடக் குறைவாகக்கூட வரலாம். எது சரி? மூன்றும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் மூன்றும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. மைக்ரோஸ்கோப் தங்கத்தை மட்டும் பார்க்கிறது. ஒளிச்சிதறல், துகளோடு சேர்ந்து நகரும் மூலக்கூறு உறையையும் நீரையும் சேர்த்து அளக்கிறது, அதோடு சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுவதால் 30 நானோமீட்டர் துகள் ஒன்று 15 நானோமீட்டர் துகள் 64 சேர்ந்த அளவுக்குக் கத்தும், நூற்றுக்கு நாலைந்து பெரிய துகள் இருந்தாலே சராசரி மேலே போய்விடும். எக்ஸ்ரேயோ துகளை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் படிகத்தின் அளவைச் சொல்கிறது. ஒரு துகளுக்குள் இரண்டு மூன்று படிகங்கள் இருக்கலாமே.

மைக்ரோஸ்கோப் படத்திலும் ஏமாற இடமுண்டு. சாம்பிளை ஏற்றும் 3 மில்லிமீட்டர் கிரிட் என்ற வலைத்தட்டில் சொட்டு காயும்போதே துகள்கள் ஒதுங்கிக் கூட்டம் சேர்ந்துவிடும், அதைப் பார்த்துவிட்டுக் கரைசலிலேயே ஒட்டியிருந்தன என்று எழுதிவிடாதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் தனிமங்களைக் காட்டும் எக்ஸ்ரே நிறமாலையில் செம்பு தெரிந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம், கிரிட்டே செம்பில் செய்ததாக இருக்கும். அழகான ஓர் இடத்தை மட்டும் படமெடுக்காமல், முன்கூட்டியே முடிவு செய்த இடங்களில் எடுத்து, சில நூறு துகள்களையாவது அளங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவர்களின் பேப்பரை நான் நம்புவதில்லை.

கருவியைத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1982இல் பொருளறிவியலாளர் டான் ஷெக்ட்மன் ஓர் அலுமினியக் கலவையின் எலக்ட்ரான் விளிம்புவிளைவுப் படத்தில் பத்து மடங்குச் சமச்சீருடன் (வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுழற்றினாலும் அதே போல இருக்கும்படி) புள்ளிகளைப் பார்த்தார், அன்றைய படிகவியலில் அதற்கு இடமே இல்லை. இரட்டைப் படிகங்கள் (ஒன்றோடொன்று கோணம் மாறி ஒட்டி வளர்ந்தவை) காட்டும் மாயமா என்று மைக்ரோஸ்கோப்பிலேயே தேடிப்பார்த்து இல்லை என்று உறுதி செய்துகொண்டதால்தான், 1984இல் பேப்பர் வந்த பிறகு நோபல் பெற்ற வேதியியலாளர் லைனஸ் பாலிங் போன்றவர்கள் எதிர்த்தபோதும் அவரால் நிற்க முடிந்தது. நோபல் 2011இல் வந்தது.

அப்புறம், தலைப்பு. அமெரிக்க இயற்பியலாளர் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ் 1960களில் கிராஃபைட்டை எடுத்தபோது அதில் அதிகம் பேர் இல்லை. நான்கு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு வேலை பார்த்தவருக்கு அந்த நெரிசலின்மை வசதியாக இருந்தது, பின்னால் கார்பனால் ஆன நானோகுழாய்கள் பேசப்பட்டபோது கார்பனைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. கூட்டம் இல்லாத தலைப்பு என்று யாராவது பயமுறுத்தினால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் முடிந்தபின் எல்லோருக்கும் பேராசிரியர் நாற்காலி கிடைக்காது. சிப், பேட்டரி, வினையூக்கி, மேற்பூச்சு நிறுவனங்கள், மைக்ரோஸ்கோப் தயாரிப்பாளர்கள், பொதுக் கருவி மையங்கள் என்று இடங்கள் இருக்கின்றன. நேர்காணலுக்குப் போகும்போது அழகான படங்களோடு, சரியாக வராத ஒரு சாம்பிளின் மூலத் தரவையும் எடுத்துச் சென்று, எங்கே தப்பியது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று காட்டுங்கள்.