தண்ணீர் வேண்டாம், பேன் சீப்பை எடுங்கள்: வீட்டிலேயே பூனையைச் சுத்தம் செய்வது எப்படி?

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் கிச்சாப். மலாயில் கிச்சாப் என்றால் சோயா சாஸ், நிறம் அப்படி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், பகலெல்லாம் செம்பனைக் காட்டில் சுற்றிவிட்டு உடம்பு முழுக்க ஒட்டுப்புல்லோடு வந்து மடியில் ஏறுவான். முதல் தடவை நான் செய்தது, குழாயடியில் பிடித்து வைத்து ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றியது. கையில் ஏழு கீறல். "அது தன்னையே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும், உனக்கென்ன வேலை?" என்றார் அம்மா. பாதி சரி. குளியல் தேவையில்லை, சீவிவிடுவது தேவை. நக்கும்போது உதிர்ந்த முடியை விழுங்கித்தான் பிறகு உருண்டையாகக் கக்குகிறது.

சாப்பிட்டுவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, துண்டை விரித்து உட்கார வையுங்கள். முதலில் வெறும் கையால் தடவுங்கள். காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், தொடை இடுக்கில் புண்ணோ உண்ணியோ தட்டுப்படும். மூக்கிலோ பாதத்திலோ ஆறாத புண் இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அது ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மலேசியாவில் பூனை கீறினால் மனிதருக்கும் வருகிற நோய். கையுறை போட்டுக்கொண்டு மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

அடுத்து சீப்பு. முதலில் அகலப் பல், அப்புறம் நம் பாட்டிமார் வைத்திருப்பார்களே பேன் சீப்பு, அது. முடி படிந்திருக்கும் திசையிலேயே சீவுங்கள். வால் எலும்பே வளைந்து முடிச்சாக இருந்தால் பெரும்பாலும் பிறவியிலேயே அப்படித்தான், நீவி நேராக்கப் பார்க்காதீர்கள். சிக்கு விழுந்த இடத்தில் கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம், பூனைத் தோல் மெல்லியது, முடியோடு சேர்ந்து வெட்டுப்படும். கொஞ்சம் சோளமாவு தூவி, அடிமுடியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரியுங்கள். சீப்பில் கறுப்புத் துகள் வந்தால் ஈர டிஷ்யூவில் தட்டிப் பாருங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதற்காக நாய்க்கு வாங்கிய மருந்தைப் போட்டுவிடாதீர்கள்! அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்தே போகலாம்.

நகம்: முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு, மொத்தம் 18. பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே ரோஜா நிறத்தில் தெரிவது ரத்தம் ஓடும் இடம், அதைத் தொடாமல் கூர்முனையை மட்டும் வெட்டுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

காதுக்குள் பஞ்சுக் குச்சி விடாதீர்கள். வெளியே தெரிகிற அழுக்கை ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். கோப்பித்தூள் மாதிரி கறுப்பாகக் கிடந்தால் அது பெரும்பாலும் காதுப்பூச்சி, மருந்து வேண்டும்.

குளியலா? லாரிக்கு அடியில் படுத்து இஞ்சின் எண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தால் மட்டும். நக்கினால் விஷம் என்பதால் அன்றைக்குத் தள்ளிப்போட முடியாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், கழுத்துக்குக் கீழே மட்டும். நுரை துளியும் மிஞ்சாமல் அலசித் துண்டால் ஒற்றி எடுங்கள். நிறைய நக்கிவிட்டிருந்தால் நேராகக் கிளினிக்தான்.

கிச்சாப் இன்றுவரை பின்னங்காலைக் கொடுத்ததில்லை. மழை பெய்கிற மத்தியானங்களில் அசந்து தூங்கும்போது ஒரு நாளைக்கு இரண்டு நகம் வெட்டுகிறேன், எட்டும் முடிய நான்கு நாள் ஆகிறது.