சிடிஎக்ஸ்2: ஒரே மரபணுவை வைத்துப் பெருங்குடல் புற்றுநோய்க் கணிப்பு பழகலாம்

பெருங்குடலில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தாயிற்று. கீமோ கொடுப்பதா, வேண்டாமா? இரண்டாம் ஸ்டேஜ் நோயாளிகள் விஷயத்தில் டாக்டர்கள் இன்றைக்கும் யோசிக்கிற கேள்வி இது. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையே போதும். சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. அந்தச் சிலர் யார் என்பதைக் கட்டிக்குள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவு ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

ஆயிரக்கணக்கான மரபணுக்களில் முதலிலேயே கையை விட்டால் குழம்பிவிடும். ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சிடிஎக்ஸ்2. குடல் செல்லைக் குடல் செல்லாகவே வைத்திருக்கும் மரபணு இது. இது அணைந்துபோன கட்டியில் செல்கள் தங்கள் பழைய தொழிலையே மறந்துவிடுகின்றன. 2016-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், முதல் தொகுதியிலிருந்த 466 நோயாளிகளில் 32 பேரின் கட்டிகளில் இது இல்லை. அவர்களுக்கு நோய் திரும்பும் வேகம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 3.4 மடங்கு.

ஒரு எச்சரிக்கை: இது தரவைப் படிக்கப் பழகும் பயிற்சி மட்டுமே. கையில் பயாப்சி ரிப்போர்ட் வைத்திருப்பவர் இதைத் தன் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 1: தரவை இறக்குவது

அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐ நடத்தும் 'ஜியோ' என்ற இலவசக் களஞ்சியத்தில் ஜிஎஸ்இ 39582 என்று தேடுங்கள். பிரான்ஸ் நாட்டு நோயாளிகளின் 566 கட்டிகளும், ஒப்பிட 19 சாதாரணக் குடல் திசுக்களும் அதில் உள்ளன. எல்லாம் அஃபிமெட்ரிக்ஸ் யு133 பிளஸ் 2.0 என்ற சிப்பில் அளந்தவை. ஒவ்வொரு மாதிரிக்கும் 54,675 ப்ரோப்கள், அதாவது மரபணுக்களைத் தொட்டுப் பார்க்கும் 54,675 புள்ளிகள். 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் 'ஜியோகுவெரி' என்ற தொகுப்பை நிறுவினால் ஒரே கட்டளையில் மொத்தமும் வந்துவிடும். எக்ஸெல் இவ்வளவு பெரிய கோப்பில் திணறும். போதாக்குறைக்குச் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக வேறு மாற்றிவிடும். அந்தத் தொல்லையால் 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று!

படி 2: களை எடுப்பது

முதலில் அந்த 19 சாதாரணத் திசுக்களை நீக்குங்கள். அப்புறம் இரண்டாம், மூன்றாம் ஸ்டேஜ் நோயாளிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் ஸ்டேஜில் நோய் ஏற்கெனவே வேறு உறுப்புக்குப் பரவியிருக்கும். அங்கே 'திரும்பி வருமா' என்று கேட்பதில் பொருளில்லை.

நமக்கு வேண்டிய இரண்டு நெடுவரிசைகள்: 'ஆர்எஃப்எஸ் டிலே' (நோய் திரும்பாமல் எத்தனை மாதம்), 'ஆர்எஃப்எஸ் ஈவென்ட்' (1 என்றால் நோய் திரும்பியது, 0 என்றால் கடைசியாகப் பார்த்தவரை திரும்பவில்லை). முதல் முறை செய்தபோது நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தகவல் இல்லாத இடங்களில் எழுத்து இருந்ததால், ஆர் அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாகவே எடுத்துக்கொண்டது. வரிசைப்படுத்தினால் 100 மாதம் 20 மாதத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. அரை நாள் போன பிறகுதான் விளங்கியது. எண்ணாக மாற்றிவிட்டு, சிறிய எண், பெரிய எண் இரண்டையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

படி 3: கோட்டை எங்கே போடுவது

சிப்பின் விளக்க அட்டவணையில் சிடிஎக்ஸ்2-வுக்கான ப்ரோப்பைக் கண்டுபிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் எடுங்கள். எண்கள் லாக் 2 அளவில் இருக்கும்; 8-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றல்ல, இரண்டு மடங்கு.

பலரும் செய்வது, சரிபாதியாக வெட்டி மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிப்பது. சிடிஎக்ஸ்2-வுக்கு அது உதவாது. இதை இழந்த கட்டிகள் சிறுபான்மை. பாதியாக வெட்டினால் அந்தச் சிலர் நல்ல கூட்டத்துக்குள் கரைந்துபோவார்கள். அதனால் முதலில் ஹிஸ்டோகிராம், அதாவது எந்த அளவில் எத்தனை கட்டிகள் என்று காட்டும் பட்டைப் படம், வரையுங்கள். வலப்பக்கம் பெரிய மேடும், இடப்பக்கம் நீண்ட வாலும் தெரியும். வால் பிரியும் இடத்தில் கோடு போட்டு, அந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் நோய் திரும்பிய விவரத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முடிவைப் பார்த்துக்கொண்டே கோட்டை நகர்த்தினால், எந்த மரபணுவை வைத்தும் அழகான படம் வரையலாம். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள இதைவிட எளிய வழி கிடையாது.

படி 4: கப்லான்–மேயர் வளைவு

மாதங்கள் போகப் போக நோய் திரும்பாமல் இருப்பவர்களின் பங்கு எப்படி இறங்குகிறது என்று காட்டும் படம் இது. ஆரின் 'சர்வைவல்' தொகுப்பு நொடியில் வரைந்து தரும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கற்பனையாக ஆறு பேர். 5, 12, 24-ஆம் மாதங்களில் மூவருக்கு நோய் திரும்பியது. மற்ற மூவர் 8, 20, 30-ஆம் மாதம் வரை நன்றாக இருந்தார்கள். அதற்கு மேல் தகவல் இல்லை.

5-ஆம் மாதம் கணக்கில் ஆறு பேர், ஒருவருக்குத் திரும்பியது: 5/6, அதாவது 0.83. 8-ஆம் மாதம் ஒருவர் தகவலின்றி விலகுகிறார். வளைவு இறங்காது, ஆள் மட்டும் குறைவார். 12-ஆம் மாதம் கணக்கில் நான்கு பேர்: 0.83-ஐ 3/4-ஆல் பெருக்கினால் 0.625. 20-இல் இன்னொருவர் விலகுகிறார். 24-இல் இருவர்தான் மிச்சம்: பாதியாகி 0.31.

'ஆறில் மூன்று, ஆகவே 50 சதவீதம்' என்று சொல்லியிருந்தால் நிலைமையை நல்லதாகக் காட்டியிருப்போம். சரியான எண் 31. கடைசி இறக்கத்தில் இரண்டே பேர் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒரே ஆளுக்கு நோய் திரும்பியதும் வளைவு பாதாளத்துக்குப் போகிறது. அதனால்தான் படத்துக்குக் கீழே 'இன்னும் கணக்கில் இருப்பவர்கள்' என்ற வரியை அச்சிடுவது வழக்கம். அது இல்லாத படத்தின் வால் பகுதியை நான் நம்புவதில்லை.

இனி சிடிஎக்ஸ்2 உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரண்டு வளைவுகள் வரைந்து, லாக்-ரேங்க் சோதனை செய்யுங்கள். வளைவுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கக்கூடியதா என்று அது சொல்லும்.

படி 5: வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா?

வளைவுகள் பிரிந்தாலும் குதிக்க வேண்டாம். பல காரணிகளை ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்கும் காக்ஸ் மாடலில் ஸ்டேஜையும் எம்எம்ஆர் நிலையையும் (கட்டியில் டிஎன்ஏ பிழைதிருத்தம் வேலை செய்கிறதா என்பதையும்) சேருங்கள். டிஎன்ஏ பிழைதிருத்தம் கெட்ட கட்டிகளில் சிடிஎக்ஸ்2 அடிக்கடி காணாமல் போகும். ஆனால் இரண்டாம் ஸ்டேஜில் அத்தகைய கட்டி உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்.

ஒரு மரபணுவோடு நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. 54,675 ப்ரோப்களையும் 5 சதவீத அளவுகோலில் சோதித்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சுமார் 2,700 ப்ரோப்கள் 'முக்கியம்' என்று கை தூக்கும்.

படி 6: வேறு நோயாளிகளிடம் சோதிப்பது

அதே சிப்பில் அளந்த ஜிஎஸ்இ 17536-இல் அமெரிக்காவின் மாஃபிட் மையத்தைச் சேர்ந்த 177 நோயாளிகள் இருக்கிறார்கள். நோட்டில் எழுதிய எண்ணை அப்படியே அங்கே வைக்காதீர்கள். தயாரித்த முறை வேறாக இருந்தால் அளவுகோலே நகர்ந்திருக்கும். அங்கும் ஹிஸ்டோகிராம் வரைந்து, அதே விதிப்படி கோடு போடுங்கள். ஜிஎஸ்இ 14333-ஐயும் மூன்றாவதாகச் சேர்க்கத் தோன்றும். கவனம்: மாஃபிட் நோயாளிகள் பலர் அதிலும் இருக்கிறார்கள். ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிட்டு 'மீண்டும் உறுதியானது' என்று எழுதியவர்களாகிவிடுவோம்.

இது கைவந்ததும், அதே கோப்பில் எஃப்ஏபி மரபணுவை எடுத்து 3-ஆம் படியிலிருந்து செய்து பாருங்கள். இதில் அளவு கூடினால்தான் ஆபத்து. ஆன்கோடைப் டிஎக்ஸ் பெருங்குடல் சோதனையில் உள்ள 12 மரபணுக்களில் இதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், இந்த மரபணுவின் அளவு பெரும்பாலும் புற்றுநோய் செல்லிலிருந்து வருவதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசு செல்களிலிருந்து வருகிறது.