பூனையோடு விமானப் பயணம்: முதலில் சிப், அப்புறம்தான் ஊசி

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். "டிக்கெட் போட்டாச்சு, பூனைக்கு ரேபிஸ் ஊசியும் போட்டாச்சு. அடுத்த மாதம் கிளம்புகிறோம். வேறென்ன பாக்கி?"

"சிப் எப்போது வைத்தீர்கள்?" என்று கேட்டேன். பூனையின் தோலுக்கு அடியில் வைக்கிற, அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பைத்தான் சொல்கிறேன்.

"அது இனிமேல்தான்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு காலத்தில் நானும் இதே பதிலைச் சொன்னவன். இந்த வருடத்தில் இப்படிக் கேட்பவர் இவர் நான்காவது ஆள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நல்ல கூடையாக வாங்குங்கள், அடியில் பேட் விரியுங்கள் என்பதெல்லாம் இதில் வராது. அது பூனை வளர்க்கும் யாருக்கும் தெரியும்.

சிப்புக்கு முன்னால் ஊசி

வெளிநாட்டுப் பயணம் என்றால் இந்த ஒரு தவறு மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பூனைக்கு மைக்ரோசிப் வைத்த அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபிஸ் ஊசிதான் கணக்கு. ஊசி ஒரே ஒரு நாள் முந்தியிருந்தாலும் அது போடாததற்குச் சமம். யோசித்தால் நியாயம்தான். சிப் எண் இல்லாதபோது போட்ட ஊசி எந்தப் பூனைக்குப் போட்டது என்று அவர்கள் எதை வைத்து நம்புவார்கள்?

எங்கள் பட்டுவுக்கு ஊசி போட்டு ஒன்பது நாள் கழித்து சிப் வைத்தோம். "எது முதலில் என்றாலும் ஒன்றுதான்" என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன். சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மா இரண்டு தேதிகளின் மேலும் மாறி மாறிப் பேனாவை வைத்துக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே புரிந்துவிட்டது.

புதிதாக ஊசி போட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். ரேபிஸ் ஆபத்து குறைவு என்று ஒன்றியம் பட்டியல் போட்டு வைத்திருக்கும் நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஓரளவு அப்படித்தான், முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருந்தால் போதும். பட்டியலில் இல்லாத நாடு என்றால் கதை வேறு. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் கழிய வேண்டும். ஆக மொத்தம் நான்கு மாதம். ஜப்பான் இதைவிடக் கறார். சிப், பிறகு இரண்டு ஊசி, பிறகு ரத்தம், அதன்பின் 180 நாள். நாள் குறைந்தால், அந்தக் குறையைப் பூனை அங்கே தனிமைக் காப்பகத்தில் கழிக்க வேண்டியிருக்கும்.

டிக்கெட் பணம் போனது. பட்டுவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் கிளம்பினோம். நாள் கணக்கு முடிந்ததும் அவளை அழைத்து வருவதற்கென்றே நான் மறுபடி பறந்து வந்தேன். என் கையை முகர்ந்து பார்த்தவள், திரும்பிப் போய் அக்கா மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த டாக்டர் மேல் கோபம் வருகிறது. படிவத்தைப் படிக்காமல் தலையாட்டிய என் மேல் இன்னும் கூடுதலாக.

ஆகவே டாக்டரிடம் போனதும் முதலில் சிப் வைக்கச் சொல்லுங்கள். 15 இலக்க ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர) சிப்பா என்று கேளுங்கள். வேறு வகைச் சிப்புகளை எல்லா ஸ்கேனரும் படிக்காது. வைத்தவுடன் ஸ்கேனரைப் பிடரியில் காட்டச் சொல்லி, திரையில் வரும் எண்ணையும் காகிதத்தில் எழுதிய எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு 6 எட்டாக மாறியிருந்தாலும் அது வேறு பூனை. அதன் பிறகு ஊசி. தேதி, சிப் எண், மருந்தின் பேட்ச் எண் மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும்.

இதற்கு ஒரு தம்பித் தவறும் உண்டு. அடுத்த ஊசியை ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் அது மறுபடி "முதல் ஊசி" ஆகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு டைட்டர் பரிசோதனை (மேலே சொன்ன ரத்தப் பரிசோதனை) ஒரு முறை செய்தால் போதும் என்பதும் இடையில் ஊசி விட்டுப்போகாத பூனைக்கு மட்டும்தான்.

டிக்கெட் போட்டுவிட்டுப் பூனையைப் பற்றிக் கேட்பது

ஒரு விமானத்தின் கேபினில் இத்தனை பிராணிகள்தான் என்று ஒவ்வொரு நிறுவனமும் எண்ணிக்கை வைத்திருக்கிறது. முதலில் போன் செய்து பூனைக்கு இடம் உறுதியான பிறகு உங்கள் பணத்தைக் கட்டுங்கள். டிக்கெட் விற்பது ஒரு நிறுவனம், விமானம் ஓட்டுவது இன்னொன்று என்றால், ஓட்டுகிறவரின் விதியையும் கேளுங்கள். கூடை அளவு அங்கே மாறலாம்.

போகிற நாட்டின் விதி தனி. பிரிட்டனுக்குள் விமானத்தில் பூனையைக் கேபினில் கொண்டுபோக முடியாது, சரக்காகத்தான் போக வேண்டும். "முன் சீட்டுக்கு அடியில் வரும்" என்று நம்பி டிக்கெட் போட்டவர்கள் உண்டு.

முதல் வரிசை, அவசர வழி வரிசை

முதல் வரிசையில் முன்னால் சீட்டே இல்லை, அவசர வழி வரிசையில் காலடியை அடைக்க விடமாட்டார்கள். கூடையை எந்த சீட்டுக்கு அடியில் வைப்பீர்கள்?

பாதுகாப்புச் சோதனையில் வெறுங்கை

கூடை மட்டும்தான் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும். பூனையை வெளியே எடுத்து நீங்கள் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். டிராலிச் சக்கரங்கள் கடகடக்கும், தட்டுகள் மோதும், பின்னால் வரிசை நெருக்கும். வீட்டில் சாதுவாக இருக்கிற பூனை அங்கே நான்கு காலையும் உங்கள் நெஞ்சில் ஊன்றித் தாவப் பார்க்கும். கிளம்பும்போதே ஹார்னெஸ் மாட்டிவிடுங்கள், அங்கே போய் மாட்ட நேரம் கிடைக்காது. ஹார்னெஸின் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருக்கட்டும். தனி அறையில் சோதிக்கும்படி கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் செய்து தருகிறார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு நான் வாங்கிய கீறல் தோளில் இன்னும் இருக்கிறது.

தூக்க மருந்து

நீங்களாகக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் தன் வெப்பத்தைச் சமாளிக்கத் தடுமாறும். மயங்கிய பிராணியை ஏற்ற மாட்டோம் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. மிரளும் பூனைக்கு டாக்டர் கபாபென்டின் எழுதித் தரலாம். அதையும் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். தள்ளாடுகிறதா, வாந்தி எடுக்கிறதா என்பது உங்கள் கூடத்தில் தெரியட்டும், நடுவானில் வேண்டாம்.

பாரசீகப் பூனை போன்ற தட்டை மூக்குப் பூனைகள்

சரக்கு அறையில் வேண்டாம். பல நிறுவனங்கள் ஏற்பதும் இல்லை.

கூடையைக் கடைசி நாளில் இறக்குவது

பல பூனைகளுக்குக் கூடை என்றால் டாக்டர், ஊசி, அவ்வளவுதான். ஒரு மாதம் முன்பே கதவைத் திறந்தபடி கூடத்தில் வைத்து, சோற்றுக் கிண்ணத்தை அதற்குள் தள்ளிவிடுங்கள். அப்புறம் தானாகப் போய்ப் படுக்கும்.

போய்ச் சேர்ந்ததும் வீடு முழுக்கத் திறந்துவிடுவது

ஒரு சின்ன அறை, மண் தட்டு, தண்ணீர் போதும். கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். பட்டு இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் விடிகாலையில் என் காலைக் கடித்து எழுப்பினாள், கிண்ணம் காலி.